ஜன்னல் கல்லில் எழுதிய நேரம்

சீட்டு வைக்கிற இழுப்பறையை யாரோ திறந்திருந்தார்கள்.

பெட்டியக்காவுக்கு அது கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் சீட்டுக்கட்டின்மேல் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று காலையில் மூன்று சுற்று இருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் எதையும் மூன்று சுற்றுச் சுற்றுகிற ஆள் ஒருத்திதான். தலைமுடிக்கும் மூன்று, வயருக்கும் மூன்று, சாப்பாட்டுப் பையின் கயிற்றுக்கும் மூன்று. பெரிய வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாக அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். பெட்டியக்கா மனசுக்குள் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவாள். நேரில் மேடம்.

கண்ணாடிக்குச் சீட்டில் என்ன வேலை? சீட்டில் இருப்பதையெல்லாம் அவள்தான் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏற்றிவிட்டாளே. ஏற்றி முடிந்த சீட்டு வெறும் குப்பை. குப்பையை எடுத்துப் பார்க்கிறவர்கள் சும்மா பார்க்க மாட்டார்கள்.

பெட்டியக்கா ரப்பர் பேண்டை மறுபடி இரண்டு சுற்றாக்கி வைத்தாள். பிறகு, அப்படி வைத்தால் தான் கவனித்தது தெரிந்துவிடும் என்று தோன்றி, மூன்று சுற்றாகவே திருப்பி மாட்டினாள்.

அவள் இயல்பே அது. வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். கொடியில் துணி காயப்போட்டால் கிளிப்பை எண்ணுவாள். "உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட யாரு அனுப்பினாங்கன்னு கேப்பே" என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். வாசல் பக்க அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, பெரிதாய்ப் போன பேன்ட்டைச் சின்னதாக்குவதும் சின்னதாய்ப் போனதைப் பிரித்து விடுவதுமாக இருந்தார். கண் மங்கிவிட்டதால் இப்போது கறுப்புத் துணியை எடுப்பதில்லை. அதனால் வீட்டுக்கு நிலையான வருமானம் என்றால் பெட்டிதான்.

பெட்டி என்பது நீல நிறத்தில், கைப்பிடி வைத்த, குழந்தை அளவு கனமுள்ள ஒன்று. மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் நாலாவது மாடியில் முட்டி மாற்று அறுவை நடக்கும். தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டியைப் பொருத்துவார்கள். எடுத்ததில் ஒரு துண்டு எலும்பும், அதைச் சுற்றியிருக்கிற வழவழப்பான சவ்வும் ஒரு மூடி போட்ட ஜாடியில் போகும். அந்த ஜாடியைப் பெட்டியில் வைத்து, முற்றத்தைக் கடந்து, எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குள். பெட்டியில் ஐஸ் கிடையாது. குளிர்ந்தால் செல்களின் குணம் மாறிவிடும், எனக்கு உயிரோடு வேண்டும் என்று புரொபசர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு சீட்டு. எத்தனையாவது ஜாடி, உடம்பிலிருந்து எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம். மூன்று கட்டம். மூன்றையும் பென்சிலில் அவளே எழுதுவாள். தியேட்டர் சிஸ்டருக்குக் கை எப்போதும் ரத்தத்தில் இருக்கும். "நேரத்தை நீயே போட்டுக்கம்மா, உனக்குத்தான் மணி பாக்கத் தெரியுமே" என்று அந்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது தம்பி தங்கைகளுக்குச் சோறு போட ஆள் வேண்டியிருந்தது. எழுத்து அவளுக்கு இன்றைக்கும் தயக்கம்தான். எண் மட்டும் அழகாக எழுதுவாள். அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தாள். ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கி, ஈரத் தரையில் நின்று நின்று, முட்டி இரண்டும் போயிற்று. இடதுபக்கம் மோசம். உட்கார்ந்து எழுந்தால் உள்ளே கல் உப்பு அரைபடுகிற சத்தம் கேட்கும்.

பெட்டி வேலை காலியானபோது, நடக்கிற வேலைதானே, நிற்கிற வேலை இல்லையே என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அது ஏன் காலியானது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால், ஜாடிக்கு எண் போடத் தொடங்குவதற்கும் முன்பு, பெட்டி தூக்கியவர் ஒருநாள் இடுப்பு வலி என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த மாதம் அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்குங்க என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆகவே பெட்டியக்கா ஒரு தீர்மானத்தோடுதான் அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள்: யார் எதிரிலும் நொண்டக் கூடாது.

லிஃப்ட் ஓடியவரை அது நடந்தது. எதிர்க் கட்டடத்து லிஃப்ட் ஒரு கிழட்டு லிஃப்ட். நினைத்தால் ஓடும், இல்லையென்றால் கதவைப் பாதி திறந்துகொண்டு வாயைப் பிளந்து நிற்கும். ஓடுகிற நாளில் எட்டு நிமிஷத்தில் ஜாடி போய்ச் சேர்ந்துவிடும். நின்ற நாளில் அறுபத்தாறு படி. முதல் மாடி ஏறுவாள். இரண்டாவது மாடிக்குப் பாதியில் படி திரும்புகிற இடத்தில், உள்பக்கமாக அகலமான கல் வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். லிஃப்டுக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் மறுபக்கத்துப் படியில்தான் ஏறுவார்கள். பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலி அடங்கக் கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம், இரண்டு நாள் முக்கால் மணி நேரத்துக்கும் மேல்.

அந்த நாட்களில் சீட்டை அவள் தியேட்டரில் எழுத மாட்டாள். ஜன்னல் கல்லின்மேல் வைத்து, கிளம்பும்போது எழுதுவாள். எடுத்த நேரம் பத்து இருபது. வந்து சேர்ந்த நேரம் பத்து இருபத்தொன்பது. நிஜத்தில் எடுத்தது ஒன்பது ஐம்பதாக இருக்கும்.

இதைப் பெரிய பொய்யாக அவள் நினைக்கவில்லை. சலவையில் இருந்தபோதும், நாற்பது நிமிஷம் கொதிக்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்ததை எல்லாரும் இருபதில் எடுத்தார்கள். பெரிய இடத்தில் சொல்கிற கணக்குக்குள் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்பது அவள் அனுபவம். ஜாடிக்குள் இருப்பது யாரோ வேண்டாமென்று எடுத்துப் போட்ட முட்டி. அதற்கு என்ன அவசரம்.

ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒரு படத்தை ஒட்டிய அன்றுதான் அந்த அவசரம் அவளுக்குப் புரிந்தது.

கதவளவு பெரிய படம். முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவப்பும் நீலமும். புரொபசர் அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் கிடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் அவள் தரையைத் துடைக்கிற சாக்கில் கண்ணாடியிடம் கேட்டாள்.

"இது என்ன மேடம், போர்வை டிசைன் மாதிரி இருக்கு?"

"முட்டிங்கக்கா. நீங்க தூக்கிட்டு வந்த முட்டிங்கதான். ஒவ்வொரு நெட்டு வரிசையும் ஒரு ஆளு. முப்பத்தொரு பேரு."

"முட்டி இப்படியா இருக்கும்?"

கண்ணாடி சிரித்தாள். அவளுக்கு யாராவது கேட்டால் போதும், சொல்ல ஆசை. "தேய்மானம்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, வெறும் தேய்மானம் இல்லக்கா. மூட்டைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குல்ல, அதுக்குள்ள நோய் எதிர்ப்புச் செல்லுங்க காவல் இருக்கும். தேஞ்சு விழுற தூளைப் பாத்துட்டு, எவனோ உள்ள நுழைஞ்சிட்டான்னு அதுங்களுக்குச் சந்தேகம் வந்துடும். சண்டை போட ஆரம்பிச்சிடும். திருடனைத் தேடுறேன்னு வீட்டையே இடிச்சு வைக்கும்."

தன் முட்டி தன்னைப் போலவே இருக்கிறது என்று பெட்டியக்கா நினைத்துக்கொண்டாள். "அது சந்தேகப்படறது இந்தப் படத்துல எப்படித் தெரியும்?"

"எல்லா செல்லுக்குள்ளேயும் எல்லா வேலைக்கும் குறிப்பு எழுதி வச்சிருக்கு. அதுதான் ஜீன். எந்த வேலை நடக்கணுமோ அந்தக் குறிப்பை மட்டும் செல்லு நகல் எடுத்துக்கும். நாங்க அந்த நகலை எண்ணுறோம். நிறைய நகல் இருந்தா சிவப்பு. கம்மியா இருந்தா நீலம். இதோ இந்தப் பக்கம் இருபது பேருக்கு நீலம். இந்தப் பக்கம் பதினோரு பேருக்குச் சண்டை போடற ஜீனெல்லாம் ரத்தச் சிவப்பு. நடுவுல யாருமே இல்ல, பாத்தீங்களா? ஒரே பேர்ல ரெண்டு தனித்தனி நோய் இருக்குன்னு சார் சொல்றாரு. வெளியூர்க் கூட்டத்துல பேசப் போறாரு. நாலு வருஷ உழைப்பு."

"அந்தப் பத்து நிமிஷம் எதுக்கு மேடம்?" என்று பெட்டியக்கா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெட்டி எடுத்ததே செல்லுக்குத் தெரியாதுக்கா. கொஞ்ச நேரம் முட்டிக்குள்ளயே இருக்கிறதா நெனச்சுக்கிட்டு வேலையைப் பாக்கும். அப்புறம் ரத்தம் வரல, காத்து வரலன்னதும் பதறும். பதறினா வேற குறிப்பையெல்லாம் நகல் எடுக்கத் தொடங்கிடும். அதுக்கு முன்னாடி நாங்க புடிச்சிடணும்."

ஒவ்வொரு வரிசைக்கும் கீழே ஓர் எண் இருந்தது. அவள் எழுதிய எண்தான். சிவப்புப் பக்கம் முதல் எண் நாலு. நாலாம் ஜாடி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. லிஃப்ட் முதல் தடவை வாயைப் பிளந்த நாள். ஒன்பது. அன்று ஜன்னல் வழியாக மழைச்சாரல் அடித்துப் பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டும் ஒரே வாரம். இருபத்திரண்டுதான் எல்லாவற்றையும்விடக் கருஞ்சிவப்பு. அன்று ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றையும் பார்த்து முடித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாம் அவள் ஜன்னல் கல்லில் உட்கார்ந்த நாட்கள். அந்த நோய்க்குப் பேர் லிஃப்ட்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டே கேட்டார். கோத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீ டாக்டரா?"

"இல்ல."

"அப்ப நீ பாத்தது தப்பாக்கூட இருக்கலாம்."

"பதினொண்ணும் பொருந்துதுங்க."

"பொருந்தட்டும். நான் தச்ச பேன்ட்டை எவனோ போட்டுட்டுக் கீழ விழுந்தா, நான் போயி தையல் சரியில்லன்னு ஒத்துக்கவா முடியும்? உன் முட்டி உன்னோட, அவங்க படம் அவங்களோட." கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டு நிறுத்தினார். "அந்தக் கண்ணாடிப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. அவர் கேட்டதிலிருந்து அது அவளை விட்டுப் போகவில்லை. சரியாக நாலாம் நாள்தான் ரப்பர் பேண்ட் மூன்று சுற்றாக இருந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ஏதோ ஒன்று தெரிந்தது. கண்ணாடி ஒருநாள் மேசை விளக்கின் முன்னால் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியக்கா உள்ளே வந்ததும் சட்டென்று புத்தகத்துக்கு அடியில் வைத்தாள். இன்னொரு நாள் புரொபசர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். தியேட்டர் சிஸ்டரிடம் போய் ஏதோ விசாரித்திருக்கிறாள். சிஸ்டரே சொன்னாள், "என்னம்மா உங்க ஆளு, நேரத்தை நீங்க எழுதறதா பெட்டியம்மா எழுதறதான்னு வந்து கேக்கறா? நான் பெட்டியம்மாதான்னு சொல்லிட்டேன். வேற யாராவது தொடறாங்களான்னு கேட்டா. சீட்டு என்ன தங்கமா?"

பிறகு ஒருநாள் லிஃப்ட் நின்றது. பெட்டியக்கா படியில் கால் வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடி. கையில் ஏதோ காகிதம்.

"நானும் மேலதான் வரேன்க்கா."

"வாங்க மேடம்."

அன்று ஜன்னல் கல்லைத் தாண்டி நிற்காமல் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. சலவையில் கொதிக்கிற போர்வையை வெறுங்கையால் தூக்கியவளுக்கு அது கைவந்த வேலை. கண்ணாடி பின்னாலேயே வந்தாள். முன்னால் போகவே இல்லை. நல்ல காலுள்ள பெண் ஏன் இத்தனை மெதுவாக ஏற வேண்டும்? பதினோரு நிமிஷத்தில் ஜாடி மேசைமேல் இருந்தது. அன்று சாயங்காலம் முட்டி தேங்காய் அளவு வீங்கியது. வீட்டுக்காரர் ஈரத்துணி சுற்றிவிட்டு, "இந்தக் காலை அளவெடுத்து நான் பேன்ட் தச்சா ஊரே சிரிக்கும்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

அது முப்பத்திரண்டாம் ஜாடி. மூன்று வாரம் கழித்துப் படத்தில் ஒரு புது வரிசை சேர்ந்தது. லிஃப்ட் நின்ற நாள்தான். ஆனால் அவள் உட்காரவில்லை. வரிசை நீலமாக இருந்தது.

இனி வீட்டுக்காரர் சொன்ன "தப்பாக்கூட இருக்கலாம்" என்பதற்கும் இடமில்லை.

அடுத்த நாள் மத்தியானம், புரொபசர் சாப்பிடப் போன நேரத்தில், கண்ணாடி அவளைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். மேசையில் முப்பத்திரண்டு சீட்டும் இரண்டு வரிசையாகப் பரப்பி வைத்திருந்தது. பெட்டியக்கா உட்காரவில்லை. வேலையை விட்டுப் போகிறபோது நின்றுகொண்டே போகலாம் என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா, இதைத் தடவிப் பாருங்க."

தடவினாள். ஒரு வரிசைச் சீட்டுகளில் எழுத்து வழவழப்பாக இருந்தது. இன்னொரு வரிசையில் பென்சில் கோடு நடுநடுவே குதித்திருந்தது, அடியில் ஏதோ சொரசொரப்பாக இருந்த மாதிரி.

"இது பதினொண்ணும் வேற எடத்துல வச்சு எழுதினது. பதினொண்ணும் சிவப்பு. ரெண்டு மாசமா இதே நெனப்பா இருக்கேன்." கண்ணாடி குரலைத் தாழ்த்தினாள். "சார் ரூம்ல மேசைமேல ஒரு கித்தான் விரிப்பு இருக்கு. சொரசொரன்னு. அவர்தான் இதையெல்லாம் உக்காந்து திருப்பி எழுதியிருக்காரு. உங்க எழுத்தைப் பாத்து எழுதியிருக்காரு. நேரம் தாண்டி வந்த ஜாடிக்கெல்லாம் சீட்டுல நேரத்தை மாத்தி உள்ள சேத்துட்டாரு, ரெண்டு நோய்னு காட்டறதுக்கு. நான் மேல புகார் எழுதிட்டேன்க்கா. இன்னிக்குக் குடுக்கப் போறேன். இது உங்க எழுத்து இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை மட்டும் சொன்னா போதும். உங்க பேர் வெளிய வராது. நீங்க பயப்படாதீங்க. அன்னிக்குப் படியில உங்ககிட்ட கேக்கலாம்னுதான் கூட வந்தேன், வாய் வரல."

பெட்டியக்கா அந்தச் சீட்டுகளையே பார்த்தபடி நின்றாள். இத்தனை நாள் இந்தப் பெண்ணின் கண் தன் காலில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். அது ஒரு தரம்கூடத் தன் பக்கம் திரும்பவே இல்லை. அதில் ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு வருஷம் பக்கத்திலேயே வலியை மறைத்து நடந்திருக்கிறாள், ஒருத்தி கண்ணாடி போட்டும் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லது ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தாலும் போதும். வேலை தப்பிக்கும். புரொபசர் அவளுக்குச் சொந்தமா பந்தமா? ஒருநாள்கூட அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை.

ஆனால் சலவைப் பிரிவில் நடந்தது ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. ஒரு டாக்டரின் மோதிரம் காணாமல் போயிற்று. துணிக்குள் போயிருக்கும் என்று ஒன்பது பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, உடுத்திய துணியை உதறிக் காட்டச் சொன்னார்கள். மோதிரம் மறுநாள் அவர் காரின் இருக்கைக்கு அடியில் கிடைத்தது. வந்து சொன்னவர் யாரும் இல்லை. கிடைத்தது என்பதே ஒரு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாதமும் ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவளுக்கு மறக்கவில்லை. அவளும் அப்படித்தான் பார்த்தாள்.

"மேடம், ஒரு வெத்துச் சீட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு என்கூட வாங்க" என்றாள்.

படியிறங்கினாள். இந்தத் தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நொண்டி நொண்டி இறங்கினாள். கண்ணாடி பின்னாலிருந்து, "என்னக்கா கால்ல?" என்றாள். பெட்டியக்கா நிற்காமல் ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்தாள். சீட்டைக் கல்மேல் வைத்தாள். பத்து இருபது என்று எழுதினாள். கொடுத்தாள்.

கண்ணாடி விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். பக்கத்தில் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நேரம் உக்காருவீங்க?"

"நாலாம் ஜாடிக்கு இருபது நிமிஷம். ஒன்பதுக்கு முப்பத்தஞ்சு, மழை. இருபத்திரண்டுக்கு அம்பது." மற்றதையும் சொன்னாள். ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே, முற்றத்துக்கு அப்பால் ஒரு கடிகாரம் தெரிந்தது. உட்கார்ந்த நேரமெல்லாம் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னவரு எங்க இருக்காரு இப்ப?"

கண்ணாடிக்கு முதலில் புரியவில்லை. பிறகு பழைய ஆளை நினைத்துக்கொண்டாள் போல. பையிலிருந்து புகார் எழுதி வைத்திருந்த உறையை எடுத்து, நாலாய் மடித்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

புரொபசரிடம் இரண்டு பேருமாகத்தான் போனார்கள். அவர் கத்தவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றார். பிறகு நான்கு மூலையிலிருந்தும் டேப்பை மெதுவாக, சுவர் உரியாமல் எடுத்தார். படத்தைச் சுருட்டிக்கொண்டே, "எத்தனை நிமிஷம்னு அந்தம்மாவுக்கு நினைவு இருக்கா?" என்று கண்ணாடியிடம் கேட்டார். பெட்டியக்கா எதிரிலேயே நின்றிருந்தும் கண்ணாடியிடம்தான் கேட்டார்.

"இருக்கு சார்" என்றாள் பெட்டியக்கா.

அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். நிமிஷம் கூடக் கூடச் சிவப்பும் கூடியிருந்ததாகக் கண்ணாடி பிற்பாடு சொன்னாள். அதை வைத்து ஏதோ செய்யலாம் என்றாள். என்ன செய்தார்கள் என்பது பெட்டியக்காவுக்குத் தெரியாது. வெளியூர்க் கூட்டத்துக்கு அந்த வருஷம் புரொபசர் போகவில்லை. அது மட்டும் தெரியும்.

பெட்டி அவள் கையை விட்டுப் போயிற்று. வேலை போகவில்லை, அல்லது இன்னும் போகவில்லை. சோதனைக் குழாய் கழுவுகிற இடத்தில் ஒரு உயர ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். ஒப்பந்தம் வருஷக் கடைசி வரைக்கும்தான், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். லிஃப்டைச் சரிசெய்ய ஆட்கள் வந்து நாலு நாள் தட்டிவிட்டுப் போனார்கள். புரொபசர் ஒருநாள் கழுவுகிற இடத்துக்கே வந்து, எலும்பு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன், முட்டியைப் போய்க் காட்டுங்கள் என்றார். அவள் சாயங்காலம் வீட்டில், "திடீர்னு எதுக்கு இத்தனை அக்கறை?" என்றாள்.

"ஒருத்தன் நல்லது செஞ்சாலும் உனக்குப் பொறுக்காதா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்குன்னுதானே கேட்டேன்."

எதற்கு என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. இடது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். ஊழியர் என்பதால் மருத்துவமனையே செய்துவிடும். நாள் குறித்த பிறகு கண்ணாடி ஒரு காகிதத்தோடு வந்தாள். எடுக்கிற முட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கிற காகிதம். பெட்டியக்கா அதை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். ஒருமணி நேரம் ஆயிற்று. கண்ணாடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதுல யாரு தூக்கிட்டுப் போவாங்கன்னு போடலியே."

"நான்தான்க்கா. வேற யாரையும் விட மாட்டேன்."

"நீங்க படத்துக்கு ஆசைப்பட்டு ஓடுவீங்க. கீழ போட்டுடாதீங்க." பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அறுவையன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். மார்புக்கு நேரே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். இந்தப் பக்கம் அவள் தலையும் சுவரில் ஒரு கடிகாரமும்.

"லிஃப்ட் ஓடுதா சிஸ்டர்?" என்றாள்.

"ஓடுதும்மா. பேசாம படு."

"பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

திரைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் உதவிக்கு நின்ற ஒருத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவள் திரும்பி வந்து ஓடுகிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் உலோகத் தட்டில் ஏதோ பொத்தென்று விழுந்தது. ஜாடி மூடி திருகுகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவள் முப்பத்திரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

"பத்து பன்னிரண்டு" என்று பெட்டியக்கா படுத்தபடியே சத்தமாகச் சொன்னாள். "மேடம், இருக்கீங்களா? பத்து பன்னிரண்டு. இப்பவே எழுதுங்க. மேசைமேல வச்சு எழுதுங்க."

"எழுதிட்டேன்க்கா."

"காட்டுங்க."

திரையின் ஓரமாக ஒரு கை நீண்டு வந்து சீட்டைக் காட்டியது. அவள் விரலை நீட்டி எழுத்தின்மேல் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது.

"சரி, நிக்காம போங்க" என்றாள்.